சக்கரத்துக்கு ஒரு ஜெபம்

முடிச்சூரில் அந்தத் தெரு மட்டும் மேடு. பெருவெள்ளத்துக்குப் பிறகு தெருக்காரர்கள் லாரி லாரியாக மண்ணும் கட்டட இடிபாடும் கொட்டி உயர்த்திக்கொண்டார்கள். அதனால் தெருமுனை மெயின் ரோட்டை நோக்கிச் சரிந்து இறங்கும். சரிவின் அடியில், ஒரு காலி மனையின் சுற்றுச்சுவரை ஒட்டி, குப்புராஜின் இளநீர் வண்டி நிற்கும். ஐப்பசி பிறந்துவிட்டால் இளநீர் கேட்பவர்கள் குறைந்துவிடுவார்கள். காய்ச்சல் கண்டவர்களின் வீட்டிலிருந்து யாராவது வந்தால் உண்டு. மற்ற நேரமெல்லாம் குப்புராஜ் போகிறவர் வருகிறவரை வம்புக்கு இழுத்துக்கொண்டிருப்பார்.

அந்த வியாழக்கிழமை காலை, கருநீல ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று வயிறு தரையில் உரசச் சரிவேறிப் போனது. மெக்கானிக் சாலமோன் முன்னால் பின்நடையாக நடந்து, கையைக் காட்டிக் காட்டி அதை மேலே கொண்டுவந்தார்.

"இன்னா சாலமோனு, வண்டி இம்மாம் குள்ளமா கீது? உள்ள குந்தினா பின்னாடி தரையில தேயாதா?" என்றார் குப்புராஜ்.

"தேயாதுண்ணா. நீங்க குந்தினாதான் தேயும்."

குப்புராஜ் தன் தொந்தியைத் தட்டிக்கொண்டு சிரித்தார். காரை ஓட்டிவந்த ஹர்ஷாவும் சிரித்துவிட்டான். சிட்லபாக்கத்துப் பையன், சாஃப்ட்வேர் வேலை. பழைய கார் ஒன்றை ஆசைப்பட்டு வாங்கியிருந்தான்.

சாலமோன் பல்லாவரத்தில் வேலை செய்த கராஜ் இடத்தை அடுக்குமாடிக்கு விற்றுவிட்டார்கள். அதிலிருந்து அவருக்கு நிலையான வேலை இல்லை. யாருடைய ஸ்கூட்டரையாவது வீட்டு வாசலில் பிரித்துப் பூட்டுவார். சில மாதம் தண்ணீர் லாரி ஓட்டினார். இப்போதுதான் முதல் முறையாக இப்படி ஒரு கார் வீடு தேடி வந்திருந்தது.

"ஷோரூம்ல விட்டா ஒரு வாரம் ஆகும்னு சொல்றாங்கண்ணா. சண்டே எங்க குரூப் ரைடு இருக்கு. பிரேக் டிஸ்க், பிரேக் பேடு ரெண்டும் புதுசு நானே ஆர்டர் பண்ணிட்டேன். நீங்க மாட்டிக் குடுத்தா போதும். நல்லா வந்துச்சுன்னா குரூப்ல எல்லாரும் உங்ககிட்டதான் வருவாங்க" என்றான் ஹர்ஷா.

கார் மிகவும் தாழ்வாக இருந்ததால் ஜாக்கி உள்ளே போகவில்லை. சாலமோன் குப்புராஜிடம் இரண்டு பலகை வாங்கிவந்து சக்கரத்துக்கு முன்னால் போட்டு, காரை அதன் மேல் ஏற்றி, பிறகு ஜாக்கியை நுழைத்தார். ஸ்டாண்டு கொடுத்துச் சக்கரத்தைக் கழற்றினார். வீட்டு வாசலுக்கு மேலே தார்பாய் கட்டியிருந்தது. அதில் தேங்கிய மழைத்தண்ணீர் காற்றடிக்கும்போதெல்லாம் ஓரத்தில் சளசளவென்று கொட்டியது.

பிரேக்கின் இரும்புக் கவ்வியைக் கழற்றி, அதன் எடை ரப்பர் குழாயில் தொங்காமல் கம்பியால் கட்டிவைத்தார். பழைய டிஸ்க் துருப்பிடித்து ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. சுற்றிச் சுற்றிச் சுத்தியலால் தட்டினார். கடைசியில் அது கழன்று விழுந்தபோது அவருடைய முழங்கை வரை துருத்தூள் அப்பியிருந்தது.

அவருடைய மனைவி ஜான்சி வாசற்படியில் உட்கார்ந்து நெத்திலிக் கருவாட்டின் தலையைக் கிள்ளிக்கொண்டிருந்தாள். புது டிஸ்கை அட்டைப்பெட்டியிலிருந்து எடுத்ததும் அவள் கண் அகன்றது.

"எவ்ளோ பளபளன்னு கீதுங்க, அப்பம் குடுக்குற ராப்போஜனத் தட்டு மாரி. அது எதுக்கு?"

"வண்டிய நிறுத்துறது அதான்."

"அப்போ ஏறுறவங்க உயிரே அதுலதான் கீதுன்னு சொல்லுங்க."

"ம்."

வேலையைப் பற்றி வீட்டில் பேசும் வழக்கம் சாலமோனுக்கு இல்லை. கேட்டதற்கு ஒரு வார்த்தை, அதற்கு மேல் கிடையாது. குழம்பு கொதிக்கும் சத்தம் கேட்டு ஜான்சி உள்ளே போனாள். அந்த நேரத்தில்தான் அவர் புது டிஸ்கின் மேல் துருப்பிடிக்காமலிருக்கப் பூசி அனுப்பியிருந்த எண்ணெயைத் தெளிப்பான் அடித்து, சுத்தமான துணியால் துடைத்தெடுத்தார். ஒரு தடவை துடைத்து, விரலால் தடவிப் பார்த்து, மறுபடியும் துடைத்தார். ஜான்சி அங்கே இருந்திருந்தால் ஏன் துடைக்கிறீர்கள் என்று கேட்டிருப்பாள். அவரும் ஏதோ ஒரு வார்த்தை சொல்லியிருப்பார்.

சாயங்காலம் நாலு சக்கரமும் முடிந்தது. சாலமோன் காரை பைபாஸுக்கு ஓட்டிப்போய், மெல்ல வேகமெடுத்து மெல்ல நிறுத்தி, அப்படியே பலமுறை செய்து, புது பேடும் புது டிஸ்கும் ஒன்றுக்கொன்று பழகும்படி செய்தார். பிரேக்கைத் தொட்டதும், கை வைத்த இடத்தில் நிற்கிற நல்ல மாடு மாதிரி கார் நின்றது. திரும்பி வந்து காரை மூடிவைத்தார். அன்று கருவாட்டுக் குழம்போடு இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அதைப் பார்த்த ஜான்சிக்குக் கண் கலங்கியது. அவர் அப்படிச் சாப்பிட்டு வெகுநாளாகியிருந்தது.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் அவள் முழங்காலில் நின்று ஜெபித்தாள். பிறகு அலமாரியிலிருந்து எண்ணெய்க் குப்பியை எடுத்தாள். ஹார்டுவேர் கடை மாடியில் நடக்கிற ஜெபவீட்டில் பாஸ்டர் ஜெபித்துக் கொடுத்த ஒலிவ எண்ணெய் அது. ரோஜா அத்தர் கலந்தது. தலைவலி என்றாலும் காய்ச்சல் என்றாலும் நெற்றியில் ஒரு சொட்டு வைப்பாள். புதுச் சட்டைக்கும் வைப்பாள், வாசல் நிலைக்கும் வைப்பாள். அந்த வீட்டில் நன்றாக இருக்கவேண்டும் என்று நினைத்த எதற்கும் அவள் வைக்காமல் இருந்ததில்லை.

காரின் மூடுதுணியை விலக்கினாள். அந்தக் காரின் சக்கரத்தில் அகலமான இடைவெளி விட்டுவிட்டுக் கம்பிகள். கை தாராளமாக உள்ளே போனது. எண்ணெயை உள்ளங்கையில் ஊற்றி, விரல் எட்டிய மட்டும் அந்தப் பளபளக்கும் தட்டின் மேல் தேய்த்தாள். நாலு சக்கரத்துக்கும் தேய்த்தாள். குப்பி தீரும் வரை ஊற்றினாள்.

"ஆண்டவரே, இதுல ஏறுறவங்களக் காத்துக்கும். இதுக்கு முன்னாடி ரோட்ல நடக்குறவங்களையும் காத்துக்கும். எங்க வூட்டுக்காரர் கைய ஆசீர்வதியும்" என்று முணுமுணுத்தாள்.

அவள் ஜெபத்தில் ஒரு பழுதும் இல்லை.

ஹர்ஷா மெயின் ரோட்டில் நண்பனோடு நிற்பதாகப் போன் செய்தான். சாலமோன் காரை எடுத்தார். தெரு நேராக இருந்தது, வழியில் யாரும் இல்லை. சரிவு தொடங்கும் இடத்தில் பிரேக்கில் கால் வைத்தார். மிதி கல் மாதிரி கெட்டியாக நின்றது, கார் நிற்கவில்லை. இரண்டு காலாலும் அழுத்தினார். கைப்பிரேக்கை இழுத்தார், அதுவும் பிடிக்கவில்லை. கீழே குப்புராஜ் முதுகைக் காட்டிக்கொண்டு குலையிலிருந்து காய் அறுத்துக்கொண்டிருந்தார். சாலமோன் ஹாரனை அடித்தபோது அவர் திரும்பி, விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தார்.

கார் இளநீர் வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்ச் சுவரில் மோதியது. வண்டிக்கும் சுவருக்கும் நடுவில் குப்புராஜின் வலது கால் இருந்தது.

ஆம்புலன்ஸில் குப்புராஜின் மனைவி கங்கம்மாவோடு ஜான்சியும் ஏறிக்கொண்டாள். அது போன பிறகு சாலமோன் காரின் முன்சக்கரத்துக்கு அருகில் குந்தினார். கம்பிகளுக்கு நடுவே விரலை விட்டு டிஸ்கைத் தொட்டார். வழுக்கியது. விரலை முகர்ந்து பார்த்தார். ரோஜா வாசனை. முந்தைய ஞாயிற்றுக்கிழமை கூட ஜான்சி அவர் நெற்றியில் வைத்த அதே வாசனை.

அவருக்குப் புரிந்துவிட்டது. சுற்றிலும் உருண்டு கிடந்த இளநீர்க் காய்களைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சட்டையைக் கழற்றி, கையை உள்ளே விட்டு, ஒவ்வொரு சக்கரமாகத் துடைக்க ஆரம்பித்தார்.

"என்னாச்சுண்ணா? நேத்து நல்லா பிடிச்சுதுன்னு சொன்னீங்களே?" என்று கேட்டபடி ஹர்ஷா ஓடிவந்தான்.

"நான்தான் ஒயுங்கா மாட்டல தம்பி. என் கைதான் தப்பு பண்ணிடுச்சு."

ஹர்ஷா அவரைத் திட்டவில்லை. கசங்கிய முன்பக்கத்தை அவர் பார்த்துவிடாதபடி மறைத்துக்கொண்டு நின்றான். "நீங்க முதல்ல ஆஸ்பத்திரிக்குப் போங்க. இங்க நான் இருக்கேன்" என்று தன் மழைக்கோட்டைக் கழற்றி அவர் வெற்றுடம்பின் மேல் போட்டான்.

ஸ்டேஷனிலும் சாலமோன் அதையேதான் சொன்னார். பிரேக் மாட்டினது நான், ஓட்டினது நான். தெருவில் அன்றே பேச்சு மாறிவிட்டது. தொழில் மறந்து கை போன மெக்கானிக் என்றார்கள். சனிக்கிழமை குப்புராஜின் காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில், ஆண்டவர் செய்த நன்மையை எழுந்து சாட்சி சொல்லும் நேரம் வந்தது. சாலமோன் கடைசி வரிசைக்கும் பின்னால், படிக்கட்டு ஓரமாக நின்றிருந்தார். ஜான்சி எழுந்து போய் மைக்கைப் பிடித்தாள்.

"வெள்ளிக்கிழமை காலையில நான் அந்தக் காரோட நாலு சக்கரத்துக்கும் ஜெப எண்ணெய் பூசினேன். அந்தப் பிரேக்குத் தட்டுலயே பூசினேன். எங்க வூட்டுக்காரர் கைத் தப்பால வண்டி நிக்கல. ஆனா உயிர் போக வேண்டிய எடத்துல காலோட போச்சு. எங்க ஆண்டவர் குப்புராஜ் அண்ணன் உயிரக் காப்பாத்திக் குடுத்தாரு. அவருக்கே மகிமை!"

"அல்லேலூயா!" என்றது கூடம்.

சாலமோன் தலைகுனிந்து நின்றார். கூட்டம் முடிந்து படியிறங்கும்போது, அதே ஜெபவீட்டுக்கு வருகிற ஷீலா ஓடிவந்து ஜான்சியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, எங்க வூட்டுக்காரரு ஸ்கூல் வேன் ஓட்டுறாரு இல்ல, அந்த வேனுக்கும் வந்து பூசிக் குடுக்கா. அதே மாரி, அந்தத் தட்டுலயே. நாளைக்குக் காலையில, வேன் எடுக்கறதுக்கு முன்னாடி."

"கண்டிப்பா வரேன். எண்ணெய் தீந்துபோச்சு, பாஸ்டர்கிட்ட வேற வாங்கிகினு வரேன்" என்றாள் ஜான்சி.

வீட்டுக்கு வந்ததும் மழை பிடித்துக்கொண்டது. ஜான்சி ஆஸ்பத்திரிக்குக் கஞ்சியும் துவையலும் தூக்கில் கட்டிவைத்துவிட்டு, சாலமோனுக்குச் சோறு போட்டாள். அவர் தட்டைத் தொடவில்லை.

"துன்னுங்க. மூணு நாளா ஒண்ணும் எறங்கலன்னா எப்படி? தப்பு யாருக்கும் வரதுதான். ஆண்டவர் மன்னிப்பாரு."

"ஷீலா வூட்டு வேனுக்குப் போவாத ஜான்சி."

"ஏன்?"

"போவாத."

"அதான் ஏன்னு கேக்குறேன். உங்களுக்கு நான் சாட்சி சொன்னது புடிக்கல. உங்க பேர எடுத்ததுல கோவம், அதானே?"

"எண்ணெய் பட்டா பிரேக்கு பிடிக்காது."

அவள் புரியாமல் சிரித்தாள். "ஜெபம் பண்ண எண்ணெய்ங்க அது."

"ஜெபம் பண்ணாலும் வயுக்கும். அந்தத் தட்டுல ஒரு சொட்டு எண்ணெய் இருக்கக்கூடாது. புதுசுல வந்த எண்ணெயையே நான் தொடச்சுதான் மாட்டினேன். நீ உள்ள போயிருந்த."

மழை தகரத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. ஜான்சி கரண்டியைக் கையில் வைத்தபடியே நின்றாள்.

"அப்போ..."

"ம்."

"அண்ணன் காலு..."

"என் தப்பும் கீது. வண்டிய எடுத்ததும் வாசல்லயே ஒரு தடவ நிறுத்திப் பாத்திருக்கணும். பாக்கல. நேத்து நல்லா இருந்துச்சேன்னு போய்ட்டேன்."

"உங்களுக்கு எப்போ தெரியும்?"

"அப்பவே. தொட்டுப் பாத்தேன், வாசனை வந்துச்சு. தொடச்சுட்டேன்."

"எனக்காகவா?"

அவர் தட்டைக் கொஞ்சம் தள்ளிவைத்தார்.

"நான் மைக்கப் புடிச்சுகினு சொன்னேனே. கைத் தப்புன்னு சொன்னேனே. பின்னாடி நின்னுகினு கேட்டுகினு இருந்தீங்களே! அப்பக்கூட ஒரு வார்த்த சொல்லல. ஷீலா கேக்கலன்னா சொல்லியே இருக்க மாட்டீங்க இல்ல?"

"சொல்லியிருக்க மாட்டேன்."

"ஏன்?"

"உனக்கு அந்த ஜெபத்த வுட்டா வேற இன்னா கீது?"

ஜான்சி தரையில் உட்கார்ந்து தன் இரண்டு உள்ளங்கைகளையும் பார்த்தாள். அழுகை வரவில்லை. ஒருவருடைய பிழையை மறைப்பது இரக்கம் போலத்தான் தோன்றும். ஆனால் மறைத்த எண்ணெய் அடுத்த சக்கரத்தைத் தேடிப் போகும். சாலமோன் அதை அன்று மதியம்தான் கண்டார். அவரால் தாங்க முடியாதது அந்த வேனில் போகிற பிள்ளைகளின் முகம்.

அவள் போனை எடுத்து ஷீலாவை அழைத்தாள். "ஷீலா, சக்கரத்துக்கு எண்ணெய் வேணாம். ஒரு சொட்டுகூட வேணாம். ஏன்னா, என்னாலதான் அந்தக் கால் போச்சு" என்றாள். அந்தப் பக்கம் ஷீலா என்ன சொன்னாளோ, ஜான்சி கேட்காமலே வைத்துவிட்டாள். பிறகு தூக்கை எடுத்துக்கொண்டு குடையை விரித்தாள்.

"நானும் வரேன்" என்றார் சாலமோன்.

"வேணாம். நீங்க துன்னுங்க. இத நான்தான் போய்ச் சொல்லணும்."

ஆஸ்பத்திரி வராந்தாவில் சுவரோரம் பிளாஸ்டிக் பாய் விரித்துக் கங்கம்மா உட்கார்ந்திருந்தாள். மூன்று நாளாக அதே புடவை. ஜான்சியைக் கண்டதும் நகர்ந்து இடம் விட்டாள்.

"வா ஜான்சி, குந்து. இன்னாத்துக்கு இந்த மழையில? நான் டீ குடிச்சுட்டேன்."

ஜான்சி உட்காரவில்லை. தூக்கைக் கீழே வைத்துவிட்டு, நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். எண்ணெய் பூசியதை, ஊற்றிய அளவை, கணவன் துடைத்ததை, இன்று காலை ஜெபவீட்டில் சாட்சி சொன்னதைக்கூட விடாமல் சொன்னாள்.

கங்கம்மா தலையைத் தூக்கி அவளைப் பார்த்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்: "எண்ணெய் பூசினியா? எம் புருசன் காலு போறதுக்கா எண்ணெய் பூசின?"

"அக்கா..."

"அக்கான்னு கூப்டாத. உங்க சாமிக்கு என் வூட்டுக் காலு கேட்டுச்சாடீ? கோழி இல்ல, ஆடு இல்ல, என் வூட்டுக் காலா?"

"ஆண்டவர் கேக்கலக்கா. நான்தான் தெரியாத்தனமா..."

"தெரியாத்தனமா! இனிமே வண்டி தள்ளுறது யாரு? நீ தள்ளுவியா? உன் பாஸ்டரு வந்து தள்ளுவாரா? அல்லேலூயான்னு சொன்னாங்களே, அவங்க தள்ளுவாங்களா? உன் புருசன் கை போன மெக்கானிக்குன்னு ஊர் பூரா பேசுது. அந்த மனுசன் வாயத் தொறக்காம நின்னாரு. போ, இங்கருந்து போ. என் மூஞ்சில முயிக்காத."

அவள் தூக்கைக் காலால் தள்ளினாள். தூக்கு கவிழவில்லை, கொஞ்சம் தள்ளிப் போய் நின்றது. ஜான்சி அதே இடத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வராந்தாவில் இருந்தவர்கள் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

வார்டு வாசலில் நர்ஸ் குரல் கேட்டது. "குப்புராஜ் கூட யாரும்மா? கீழ போய் இந்த ஊசி வாங்கிட்டு வாங்க. கியூ இருக்கும், சீக்கிரம் போங்க. ஆளு மறுபடியும் எழுந்துக்கப் பாக்குறாரு, பக்கத்துல ஒருத்தர் இருக்கணும்."

கங்கம்மா சீட்டை வாங்கினாள். மாடிப்படியைப் பார்த்தாள், வார்டைப் பார்த்தாள். அவளுக்கு இரண்டு ஆள் வேண்டியிருந்தது. அவள் ஒருத்திதான் இருந்தாள். வார்டுக்குள் போகிற அனுமதி அட்டை அவள் கழுத்தில் தொங்கியது. அதைக் கழற்றி, கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்து, ஜான்சியின் பக்கம் பார்க்காமலேயே நீட்டினாள்.

"காலு கீதுன்னு நெனச்சுகினு எறங்கப் பாக்குறாரு. வுயுந்துடப் போறாரு. போய்ப் பக்கத்துல குந்து. தண்ணி கேட்டா ரெண்டு ஸ்பூன்தான் குடு." படியிறங்கப் போனவள் நின்றாள். "நீ ஒண்ணும் சொல்லாத அவருகிட்ட. சொல்லவேண்டியத நான் சொல்லிக்கிறேன். இப்போ அவருக்குத் தாங்காது. உனக்கும் தாங்காது."

ஜான்சி அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு உள்ளே போனாள். குப்புராஜ் மருந்து மயக்கத்தில் கிடந்தார். வம்பு பேசும் வாய் உலர்ந்து திறந்திருந்தது. இடது பக்கம் விரிப்பு பாதம் வரை மேடாக இருந்தது. வலது பக்கம் முழங்காலோடு இறங்கித் தட்டையாகிவிட்டது.

அவர் கண்ணைத் திறந்தார். "கங்கா..."

"ஜான்சிண்ணா. அக்கா கீழ போயிருக்காங்க, இப்போ வந்துடுவாங்க."

"நீயா. நல்லவேள வந்த." நாக்கு குழறியது. "வலது காலு பெருவெரலு அரிக்குதும்மா. உசுரு போது. இவகிட்ட சொன்னா அயுவுறா. நீ கொஞ்சம் சொறிஞ்சு வுடேன்."

ஜான்சி அந்தத் தட்டையான விரிப்பைப் பார்த்தாள். வாசலைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, முழங்காலுக்குக் கீழே கால் இருந்திருக்க வேண்டிய இடத்தில் கையை வைத்து, விரல்களால் மெல்லச் சொறிந்தாள்.

"அங்க இல்ல. இன்னும் கீழ."

அவள் கையை இன்னும் கீழே கொண்டுபோனாள், கட்டிலின் விளிம்பு வரை.

"ஆங். அதான். அங்கதான்" என்று அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

அவர் தூங்கிப்போன பிறகும், கங்கம்மா ஊசியோடு வந்து பின்னால் நின்ற பிறகும், ஜான்சி வெறும் விரிப்பைச் சொறிந்துகொண்டே இருந்தாள்.